நான்காம் பாத்தியின் மஞ்சள் கோடு

ஜனவரி 12, திங்கள்

மூடுபனி. வேன் நாற்பதுக்கு மேல் போகவில்லை. கராமாவில் ரூம் வாசலில் ஐந்தேகாலுக்கு ஏறியும் சைட்டுக்கு ஏழரை.

பாலைவனத்துக் கண்ணாடிக் கூடத்துக்குள் 13 டிகிரி. ஈரப்பதம் சரி. இரண்டாவது ஏசி யூனிட் இன்னும் உறுமுகிறது. மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. வருவார்களாம்.

பாத்தி 4. டாஃபோடில் இலைகளில் மஞ்சள் கோடு. அடியிலிருந்து நுனிவரை, நரம்போடு நரம்பாக. வெறும் கண்ணுக்கு ஏழு செடி. டார்ச் அடித்தால் பதினொன்று.

என்னவாக இருக்கலாம்:
1. இரும்புச்சத்துக் குறைவு. (இல்லை. குருத்து முழுக்க வெளுக்கும், கோடு விழாது.)
2. தண்ணீரில் உப்பு. (இல்லை. நுனி கருகும்.)
3. ஏசி காற்று நேராக அடிக்கிறது. (பாத்தி 3-லும் அடிக்கிறது. அங்கே ஒன்றுமில்லை.)
4. இதை எழுதப் பிடிக்கவில்லை.

நான்குதான். வைரஸ். கல்லூரியில் ஸ்லைடில் பார்த்த அதே கோடு. அன்றைக்கு நம் ஊரில் டாஃபோடில் எங்கே இருக்கிறது என்று சிரித்தோம்.

பன்னிரண்டு பாத்தி, பாத்திக்கு எண்ணூறு கிழங்கு. ஹாலந்திலிருந்து குளிர்ப்பெட்டியில் வந்தவை. இறங்கிய அன்று பரிசோதனைத் தாளில் கையெழுத்து என்னுடையது. கிழங்கைப் பார்த்து வைரஸைக் கண்டுபிடிக்க முடியாது. முடியாது என்று தெரிந்துதான் ‘நோய் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பா-4: பத்தொன்பது செடி. மற்ற பாத்திகளில் ஒன்றும் தெரியவில்லை.

காலையில் ஒரு நல்ல செய்தி, பத்து நிமிஷத்துக்கு மட்டும். பழைய நோட்ஸ் தேடிப் படித்தேன். இந்த சீசனில் தொற்றிய செடி பெரும்பாலும் அடுத்த சீசனில்தான் கோடு காட்டும். அப்படியானால் பா-4 இங்கே கெட்டதில்லை. கிழங்கோடு வந்தது. அனுப்பியவன் தப்பு. வேனில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அதே வரியை மறுபடி படித்தேன். இப்போது தொற்றினால் இப்போது தெரியாது.

மஞ்சள் பசை அட்டைகளைப் பார்த்தேன். ஒரு அசுவினிகூட ஒட்டவில்லை. ஆகப் பூச்சி பரப்பவில்லை. ஆனால் செடிச்சாறு வழியாகப் பரவும் வகை ஒன்று இருக்கிறது. கை பட்டால் போதும். கத்தி பட்டால் இன்னும் நல்லது. அதற்கு.

கத்தி.

எழுதி வைக்கிறேன், பிறகு மறந்த மாதிரி நடிக்கக் கூடாது. டிசம்பர் மூன்றாம் வாரம் முதல் அறுவடை. குழுவில் ஐந்து பேர், மூத்தவர் கருப்பசாமி அண்ணன் (இனி க.சா.), அருப்புக்கோட்டைப் பக்கம். பூத்தண்டை விரலால் ஒடித்தார்கள். ஒடித்தால் வழவழவென்று பால் வடியும், பட்ட இடம் தடிக்கும். இரண்டு நாளில் ஐந்து பேர் விரலிடுக்கும் சிவந்து வெடித்திருந்தது. கூடத்துக்குச் சொந்தக்காரர் மேடம், அவர் விருந்தாளிகளை உட்காரவைக்கும் மஜ்லிஸிலிருந்தும் புகார், தண்டு நுனி நசுங்கியிருக்கிறது என்று. ஒடிக்க வேண்டாம், கத்தியால் அறுங்கள் என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன்.

இந்த சைட்டில் ஒரு குழுவுக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒரு கத்திதான். சேஃப்டி ரூல். கேட்டில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரணும். எல்லா நாளும் என் கையெழுத்து. அந்த ஒற்றைக் கத்தி பா-1-ல் ஆரம்பித்து வரிசையாக பா-11 வரை போகும். பா-12 மட்டும் பின்பூக்கும் ரகம், இன்னும் அதைத் தொடவில்லை. நான்கைத் தாண்டித்தான் ஐந்து. ஐந்தைத் தாண்டித்தான் ஆறு. மறுநாள் அதே கத்தி மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரே ஒரு தடவை க.சா. கேட்டார்: “தம்பி, பாத்தி மாறுறப்ப கத்தியக் கழுவணுமா? எங்க வெத்தலக் கொடிக்கால்ல செருப்போடகூட உள்ள விடமாட்டோம், அதான் கேக்கேன்.”

நான் சொன்னது: “அதெல்லாம் வேண்டாம்ணே. பத்து மணிக்குப் பூ வண்டி வந்துரும். யல்லா, சீக்கிரம்.”

ப்ளீச் வாளி பத்தடி தூரத்தில் இருந்தது.

ஜனவரி 14, புதன்

வெயில். கண்ணாடி முழுக்கத் தூசி, கழுவ ஆள் கேட்டிருக்கிறேன்.

மேடம் விருந்தாளிகளோடு வந்தார். பா-4-ன் பூவிலேயே இப்போது கீற்று விழுந்திருக்கிறது, மஞ்சளில் வெளிர் மஞ்சள். ஒரு விருந்தாளி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். “புது ரகமா? ரொம்ப அழகு” என்றாராம். மேனேஜர் தேஷ்முக் சாருக்கு வாயெல்லாம் பல். என் பக்கம் திரும்பி ஹிந்தியில், “இந்த ரகத்துக்குப் பேர் என்ன?”

ரகத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு வந்திருப்பதன் பெயரைச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு சார் குனிந்து இலையைப் பார்த்தார். புனேக்காரர், செடி தெரியாதவர், ஆனால் முகம் பார்க்கத் தெரியும்.

“என்ன இது? உன் முகம் ஏன் இப்படி இருக்கு?”

“வைரஸ் மாதிரி இருக்கு சார். லேபுக்கு அனுப்பணும்.”

“எத்தனை பாத்தி?”

“நாலாம் பாத்தி மட்டும்.”

“அப்ப நாலை மட்டும் அனுப்பு. மத்ததைக் கிளறாதே.”

மற்றதைக் கிளறினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். வேறு இடங்களில் பூ முடிந்தால் கிழங்கு குப்பைக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. தோண்டி எடுத்துக் குளிரறையில் வைத்து அடுத்த வருஷம் நடணும், அது கான்ட்ராக்டிலேயே இருக்கிறது. பா-4 போனால் ஒரு பாத்தி. பதினொன்றும் போனால் கான்ட்ராக்டே கலாஸ்.

நான்கின் இலையை வைத்தேன். கூடவே 9, 12. தனித்தனி உறை, தனித்தனி கையுறை. ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. கூரியர்க்காரன் வண்டி எடுத்ததும் ஓடிப்போய்த் திருப்பி வாங்கலாமா என்று கேட் வரை போனேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு கிடையாது.

க.சா. கேம்பில் விடியுமுன் எழுந்து பொங்கல் வைத்திருக்கிறார்கள். ரைஸ் குக்கரில். பொங்கவில்லையாம், ஆவி வந்ததும் ஐந்து பேரும் கத்தினார்களாம், பக்கத்து ரூம் பட்டாணியர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்திருக்கிறார்கள். தயிர் டப்பாவில் எனக்கும் கொண்டுவந்தார்.

“இந்தாங்க எலை டாக்டரே. முந்திரி கெடையாது, வெல்லம் ஜாஸ்தி.”

“எதுக்குண்ணே இதெல்லாம்.”

“மூஞ்சி நாலு நாளா வெளக்கெண்ண குடிச்சாப்ல இருக்கு. இனிப்பத் தின்னாலாச்சும் சரியாகும்.” பிறகு குரலை இறக்கி, “நாலாம் பாத்திக்கு என்ன சீக்கு தம்பி? தொத்துற சீக்கா?”

“தெரியலண்ணே. ரிசல்ட் வரட்டும்.”

“இன்னிக்கு அறுக்கவா?”

அறுக்க வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அறுங்கள் என்றால்? ப்ளீச் வாளியை இழுத்து வைத்து, பாத்திக்குப் பாத்தி முக்கி எடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முக்கினார்.

வெல்லம் ஜாஸ்திதான். பாதிக்கு மேல் முடியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

காற்று. வெளியே மணல்.

ஃபோன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். லேப் இல்லை. டாப்-அப் மெசேஜ். பிரியாணி ஆஃபர். அம்மா.

பதினோரு மணிக்கு மேனேஜர் லாக்கர் செக் வைத்தார். திடீரென்று. க.சா. லாக்கரில் புகையிலைப் பொட்டலம், பாதி காலி. உதட்டுக்குள் ஒதுக்குகிற வகை. ரூல்படி சைட்டுக்குள் கூடாது. வாங்கி வைத்துக்கொண்டு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“நவம்பரில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீ என்ன சொன்னாய்?”

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. வராத மாதிரி நின்றேன்.

“நீதான் சொன்னாய். புகையிலை தொட்ட கையால் செடியைத் தொட்டால் வைரஸ் வரும் என்று. ஸ்லைடெல்லாம் போட்டாய். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.”

சொன்னேன். அது தக்காளிக்கு. மிளகாய்க்கு. அது வேறு வைரஸ். அது டாஃபோடிலில் இந்தக் கோட்டைப் போடாது. வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திச் சொல்கிற மீட்டிங், ஐந்து நிமிஷம்தான் இருந்தது, பிரித்துச் சொல்லப் பொறுமை இல்லை, ‘செடி’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

“சார், அது வந்து...”

“கிளையன்டுக்கு ஒரு காரணம் வேணும். ஒரு பெயர் வேணும். பாத்தி நாலு, ஒரு ஆள், புகையிலை. முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை பேப்பர் ரெடியாகும். நீ தமிழில் படித்துச் சொல்லி அவனிடம் கையெழுத்து வாங்கு. டெக்னிகல் ஆள் என்று நீயும் கையெழுத்துப் போடு.”

கையெழுத்துப் போட்டால் க.சா.வுக்கு விசா கேன்சல். ஊருக்கு டிக்கெட். பன்னிரண்டு வருஷம் கல்ஃபில் இருக்கிற மனிதர்.

“லேப் ரிசல்ட் வரட்டும் சார்” என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயிலிருந்து.

ஜனவரி 17, சனி

பா-4: நாற்பத்தொன்று. எண்ணுவதை நிறுத்த வேண்டும்.

கை கழுவுவதையும். விரல் நுனியெல்லாம் வெள்ளை.

க.சா. பேச்சுக் கொடுத்தார். “பொகையிலயப் பிடுங்கிட்டாய்ங்க தம்பி. ஃபைன் போடுவாய்ங்களா?” ஃபைனோடு போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“தெரியலண்ணே.”

“என்ன கேட்டாலும் தெரியல தெரியலன்னா எப்படி? படிச்சவுகதான நீங்க?”

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். முடி வெட்டவில்லை, கடையில் கூட்டம்.

ரூமில் நிஜாம் காக்காவும் நானும் மட்டும். காயல்பட்டினத்துக்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), துணிக்கடை சேல்ஸ், ஐந்து வருஷமாக எனக்கு மேல்கட்டில். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

காக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு, “பூவுக்குக் காய்ச்சல் வந்ததுக்கு மனுசன நாடு கடத்துறானுவளா?”

“பூ இல்ல காக்கா. கான்ட்ராக்டு.”

“சரி. நீ கழுவ வேண்டாம்னு சொன்னது யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அவருக்கும்.”

“அவரு சொல்லுவாரா?”

“கேட்டா சொல்லுவார்.”

“எந்த பாஷையில? மேனேஜர்ட்ட பேசணும்னா உன் வாயாலதானே பேசணும்.” குழாயை மூடினார். “வாய மூடிக்கிட்டு இருந்துரு தம்பி. அந்த மனுசன் போனா ஒருத்தன் போறான். நீ சொன்னா அவனும் தங்கமாட்டான், நீயும் போவ. எனக்கு உன்னையத்தான் தெரியும், அவனத் தெரியாது. அதனால சொல்றேன்.”

அதில் எனக்குப் பயம் தந்தது எதுவென்றால், கேட்டதும் நிம்மதியாக இருந்ததுதான்.

ஜனவரி 19, திங்கள்

மறுபடி மூடுபனி.

10:40. லேப் மெயில். எனக்கு மட்டும் வந்திருக்கிறது, உறையில் என் மெயில் ஐடிதான் எழுதியிருந்தேன். டாய்லெட்டுக்குள் போய்த் திறந்தேன்.

பா-4: பாசிட்டிவ். டாஃபோடிலின் சொந்த வைரஸ், சாறு வழி பரவுவது. புகையிலை வைரஸ்: இல்லை.
பா-9: பாசிட்டிவ். மங்கலாக.
பா-12: நெகட்டிவ்.

கத்தி போன இடத்தில் இருக்கிறது. கத்தி போகாத இடத்தில் இல்லை. மூன்று உறைதான், ஒரு பாத்திக்கு ஒன்று, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எவனாவது வாதிடலாம். நான் வாதிடமாட்டேன். எனக்குத் தெரியும்.

பா-9-ன் முன்னால் போய் நின்றேன். கரும்பச்சை, நேராக, ஒரு குறையும் இல்லாத இலை. அடுத்த வருஷம் ஜனவரியில் இது அத்தனையும் கோடு காட்டும். அப்போது நான் இங்கே நின்றுகொண்டிருப்பேனா, வேறு யாராவது ‘புகையிலைக்காரன் போன பிறகும் எப்படி வந்தது’ என்று கேட்பார்களா?

மேனேஜருக்கு மெயிலை அனுப்பவில்லை. “ரிசல்ட்?” என்று கேட்டார். “நாளைக்கு சார்” என்றேன். பொய் சொல்லும்போது என் ஹிந்தி சரளமாக வருகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

மேனேஜர் அறை. மேஜையில் ஒரு பக்கம், இங்கிலீஷ். கீழே இரண்டு கோடு. ஒன்று க.சா.வுக்கு, ஒன்று எனக்கு.

க.சா. யூனிஃபார்மைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“என்ன போட்டுருக்கு தம்பி? படிச்சுச் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தேன். வார்னிங் லெட்டர் மாதிரி என்று மழுப்பலாம் என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் முகம் மாறியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ‘டெர்மினேஷன்’ என்ற சொல் தெரியும். கேம்பில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு உள்ளபடியே சொன்னேன்: நாலாம் பாத்திக்கு நோய் வந்ததற்கு உங்கள் புகையிலை காரணம், அதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள், கம்பெனிமேல் புகார் இல்லை.

பேப்பரைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு என்னிடம், மெதுவாக:

“கத்தியக் கழுவணுமான்னு நான் கேட்டேன்ல. அது இதுல இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்ப அதையும் போடச் சொல்லுங்க. போட்டா கையெழுத்துப் போடுறேன்.”

மேனேஜர்: “கியா போல் ரஹா ஹை?” என்ன சொல்கிறான்?

ஏசி சத்தம். க.சா. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எந்த ஹிந்தியில் என்ன சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இல்லை, கொஞ்சம் புரியும். பன்னிரண்டு வருஷம்.

“யோசிக்க ஒரு நாள் கேட்கிறார் சார்” என்றேன்.

“நாளைக்கு ஒன்பது மணி. கலாஸ்.”

வெளியே வந்ததும் க.சா. கேட்டார், “சொல்லிட்டீங்களா?”

“நாளைக்குச் சொல்றேண்ணே.”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ‘தம்பி’ என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வேனிலிருந்து வழியிலேயே இறங்கி, மெட்ரோவில் ஸ்டேஷனைத் தவறவிட்டுத் திரும்பி வந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று பட்டியல் போட நினைத்தேன். முதல் வரியே போதுமாக இருந்தது. நான் போவேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரிதான்.

ஜனவரி 21, புதன்

பனி இல்லை. வேன் சீக்கிரம் வந்துவிட்டது, 6:50.

ரிப்போர்ட் வேனிலேயே ஃபோனில் அடித்தேன். முதலில் தமிழில். இங்கிலீஷில் ஆரம்பித்தால் ‘துரதிர்ஷ்டவசமாக’, ‘கருதப்படுகிறது’ என்று நழுவப் பார்க்கிறேன். தமிழில் நழுவ வரவில்லை.

ஒரு பக்கம். நோய் கிழங்கோடு வந்தது. புகையிலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கத்தி வழியாக மற்ற பாத்திகளுக்குப் போயிருக்கிறது. பா-1 முதல் பா-11 வரை கிழங்கை எரிக்க வேண்டும், அடுத்த வருஷம் நடக் கூடாது. கத்தியைக் கழுவ வேண்டுமா என்று கருப்பசாமி ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான். கீழே என் பெயர், லேப் ரிசல்ட்.

ஆபீஸ் பிரின்டரில் தமிழில் இரண்டு பிரதி எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒன்றைக் க.சா. கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கொடுத்துவிட்டால் திருப்பி வாங்க முடியாது. அனுப்பும் பட்டனை அமுக்க எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

பா-7 ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து படித்தார். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு. மற்ற நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் கால் மாற்றி நின்றேன்.

கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒருமுறைன்னு போட்டுருக்கீங்க.”

“ஆமாண்ணே.”

“நான் ரெண்டு தடவ கேட்டேன். மொத நாளு ஒருக்க. பெறகு மறுவாரம், நாலு முடிச்சு அஞ்சுக்குப் போறப்ப, எலையெல்லாம் ஒரு மாதிரி வெளுப்பா இருக்கேன்னு காட்டி, கழுவிட்டுப் போவமான்னு ஒருக்க. அப்ப நீங்க கத்துனீங்க. வேலையப் பாருங்க, டாக்டர் நீங்களா நானான்னு.”

நாலு பேரில் யாரும் சிரிக்கவில்லை.

ஆமாம். கேட்டார். காட்டினார். கத்தினேன். டிசம்பரிலேயே அந்த வெளுப்பை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வண்டிக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தேன். இந்த நோட்டில்கூட ‘ஒரே ஒரு தடவை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இங்கேயும் குறைத்தேன்?

பேனா வாங்கி ‘ஒருமுறை’யை அடித்து ‘இரண்டு முறை’ என்று எழுதினேன். இரண்டாவது தடவை இலையைக் காட்டினார் என்பதையும். இரண்டு பிரதியிலும். பக்கத்தில் கையெழுத்து. க.சா. தன் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

“இப்ப அனுப்புங்க” என்றார்.

இங்கிலீஷில் மாற்றி அனுப்பினேன், 8:52. லேப் ரிசல்ட்டோடு.

8:58. மேனேஜர் ஃபோன். “இதை வேறு யாருக்காவது காட்டினாயா?”

“அஞ்சு பேருக்கு சார்.”

பிறகு, “மேலே வா. ஐடி கார்டை எடுத்துக்கொண்டு வா.”

மாடிக்குப் பதினாறு படி. க.சா. கூட வருகிறார், நான் கூப்பிடவில்லை.